தேரி மேட்டில் புது வீடு... தாத்தாவுக்கு எந்த அறை?

வீட்டு பிளானைக் கொஞ்சம் மேசை மேல் விரியுங்கள். நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வையுங்கள். ஆடி மாசம் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் அடிக்கிற காற்றில் காகிதம் நிற்காது!

இப்படி ஒரு பிளான் உங்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தேரி மேட்டின் சரிவில் இரண்டு அடுக்காக வீடு. கீழே ஹால், சமையலறை, பூஜை அறை. மேலே இரண்டு படுக்கையறை. அதில் மேற்குப் பக்கத்து அறைக்குத் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. செக்கச்செவேல் என்ற மணல்மேட்டில் சூரியன் இறங்குவதைப் படுத்துக்கொண்டே பார்க்கலாமாம்! அந்த அறையைத்தான் தாத்தாவுக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள். 'டி.வி. சத்தம், பிள்ளைகள் சத்தம் எதுவும் இல்லாமல் நிம்மதியாக இருக்கட்டும்' என்று நல்ல மனசோடுதான் செய்திருக்கிறீர்கள்.

ஆனால், அந்த வீட்டிலேயே மோசமான அறை அதுதான்.

பாலைவனம் மாதிரி... ஆனால் பாலைவனம் இல்லை!

தமிழ்நாட்டில் பாலைவனம் ஏது என்று கேட்பவர்கள் குதிரைமொழித் தேரிக்கு ஒருதடவை போய்வரலாம். தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில் மைல் கணக்கில் சிவப்பு மணல் மேடுகள். இரும்பு ஆக்ஸைடு படிந்ததால் வந்த சிவப்பு அது. நடுநடுவே பனை, உடை மரம், முந்திரி. மேற்கு மலையின் மழை மறைவில் இருப்பதால் மாவட்டத்தில் வருஷம் முழுவதும் பெய்யும் மழை சுமார் 650 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். தூத்துக்குடியில் உப்பளம் செழிப்பதற்கும் இதே வறட்சிதான் காரணம்.

இதை நினைத்துத்தான் பல பேர் ராஜஸ்தான் வீடு, அரேபிய வீடு, அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவன வீடு என்று படங்களைக் காட்டி, 'இதே மாதிரி வேணும் சார்' என்கிறார்கள். இங்கேதான் தப்பு நடக்கிறது. பாலைவனத்தில் காற்று உலர்ந்தது. வியர்வை சட்டென்று ஆவியாகிவிடும். ராத்திரியில் வெப்பம் மளமளவென்று இறங்கிவிடும். அதனால் அங்கே தடிச் சுவர், சின்னச் சின்ன ஜன்னல், பகலில் எல்லாவற்றையும் மூடு, ராத்திரி திற என்பது பலிக்கிறது.

நமக்கோ கூப்பிடு தூரத்தில் கடல். மழைதான் குறைவே தவிர, காற்றில் ஈரம் குறைவில்லை. ராத்திரி பத்து மணிக்கும் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறது. இந்த ஊர் வீட்டுக்குப் பாலைவனத்து நிழலும் வேண்டும், கடற்கரைக் காற்றும் வேண்டும். ஒன்றை மட்டும் காப்பியடித்தால் கஷ்டப்படப்போவது வீட்டில் வயசானவர்களும் கைக்குழந்தையும்தான்.

தலைக்கு மேலே ஒரு தோசைக்கல்

தூத்துக்குடி பூமத்திய ரேகையிலிருந்து ஒன்பது டிகிரிகூடத் தள்ளி இல்லை. ஏப்ரல் இரண்டாவது வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் நேர் உச்சந்தலைக்கு மேலே நிற்கும். ஆக, நம் வீட்டில் அதிக வெயில் வாங்குவது சுவரல்ல, மொட்டைமாடி!

காங்கிரீட் தளம் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவைத்துக்கொண்டு சில மணி நேரம் கழித்துத்தான் கீழே விடும். 'வெளியே காற்று சிலுசிலுன்னு இருக்கு, உள்ளே வந்தா அனலா இருக்கு' என்று ராத்திரி எட்டு மணிக்கு அங்கலாய்க்கிறோமே, அது இதனால்தான். மேற்குக் கண்ணாடியும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். சாயங்கால வெயில் சாய்வாக நேரே உள்ளே வரும்; கட்டில், மெத்தை, தரை எல்லாம் சூடாகும்; அந்தச் சூட்டைக் கண்ணாடி வெளியே விடாது.

இதனால் உடம்புக்கு என்ன? பகலில் வாங்கிய சூட்டை உடம்பு ஆற்றிக்கொள்வது ராத்திரித் தூக்கத்தில். அறை ஆறவில்லை என்றால் இதயம் ஓய்வில்லாமல் தோலுக்கு ரத்தத்தை இறைத்துக்கொண்டே இருக்கிறது. இருபது வயசுப் பையன் தாங்கிக்கொள்வான். எழுபது வயசில் வியர்வைச் சுரப்பி சரியாக வேலை செய்வதில்லை, தாகமும் தெரிவதில்லை. 'ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்திருக்கணுமே' என்று தண்ணீரையும் குறைத்துவிடுவார்கள். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் ஆபத்து. (மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கோடைக்கு முன் டாக்டரிடம் கேளுங்கள்.)

அறையின் வெப்பம் பகலில் 32, ராத்திரியில் 24 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை. 24-ஆ! நம் ஊரில் ஏ.சி. இல்லாமல் அது மார்கழியில்தான் நடக்கும். ஆனால் 35-ஐ 31 ஆக்கலாம். அதற்குப் பெரிய செலவில்லை.

ஃபேன் இருக்கிறதே என்கிறீர்களா? அறை 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஃபேன் உடம்பைக் குளிர்விக்காது, சூடேற்றும். வயசானவர் திடீரென்று உளறினால், ஆள் அடையாளம் தெரியாமல் விழித்தால், உடம்பு நெருப்பாய்ச் சுட்டால் 'தூக்கக் கலக்கம்' என்று விட்டுவிடாதீர்கள். அது வெப்பத் தாக்கு. உடம்பெல்லாம் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

பழைய வீட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள்?

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதற்கும் முந்தைய வீடுகள் கடற்கரைத் தெருக்களில் இன்னும் சில நிற்கின்றன. மணப்பாட்டில், இலங்கை வியாபாரம் செழித்த காலத்துப் பெரிய வீடுகளையும் பார்க்கலாம். தடிச் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, அண்ணாந்து பார்க்கவைக்கும் உயரக் கூரை. சூடான காற்று மேலே போய் நிற்க இடம் இருந்தது. வைரம் பாய்ந்த பனையை அறுத்துப் பனங்கை போட்டு ஓடு வேய்ந்தார்கள். ஓட்டுக்கு இடையே காற்று நுழையும். பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்தில் ஓடு ஆறிவிடும். காயல்பட்டினத்து முடுக்குச் சந்துகளில் நடந்திருக்கிறீர்களா? ஒரு வீட்டின் நிழல் அடுத்த வீட்டுச் சுவரைக் காப்பாற்றுகிறது.

ஒரு விஷயத்தை மட்டும் அவர்களிடம் எடுக்காதீர்கள். அந்தச் சுவர்களில் பல, கடலிலிருந்து வெட்டிய பவளப்பாறைக் கல்லால் ஆனவை. குளிர்ச்சி உண்மைதான், விலையும் பெரிசு. இப்படி வெட்டி வெட்டித்தான் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் கடலுக்குள் போயின. 2001 முதல் பவளப்பாறைக்கு வன உயிரினச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பு இருக்கிறது. 'பழைய கல் கொஞ்சம் இருக்கு, மலிவாத் தரேன்' என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பிளானில் பேனாவை வையுங்கள்!

முதலில் மேற்கு. இந்தக் கடற்கரையில் கடல் கிழக்கே இருப்பது உங்கள் அதிர்ஷ்டம்! மத்தியானக் கடற்காற்றும் அங்கிருந்துதான் வரும், பார்க்க அழகும் அங்கேதான். ஆகவே பெரிய ஜன்னல் கிழக்கில். மேற்கில் மாடிப்படி, பாத்ரூம், சாமான் அறை. ஆள் அதிகம் புழங்காத இந்த இடங்கள் சாயங்கால வெயிலைத் தாங்கிக்கொண்டு படுக்கையறையைக் காப்பாற்றும். மேற்குச் சுவரில் உயரத்தில் சின்ன வென்டிலேட்டர் போதும். கிழக்கே நுழைகிற காற்று அதன் வழியே வெளியே போகும்.

ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று திசை மாறும். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கமிருந்து மேல்காற்று தேரி மணலை வாரிக்கொண்டு வரும். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு இதைவிட எதிரி வேண்டாம். அந்த மாசங்களில் மேற்கு வென்டிலேட்டருக்கு மூடி வேண்டும், நுண்வலை வேண்டும். மேற்கு வேலியோரம் வேம்பு, பூவரசு, புன்னை என்று இரண்டு வரிசை இப்போதே வையுங்கள். வீடு முடிவதற்குள் ஓரளவு நிழலாவது வரும். துடைப்பத்தால் தூசி கிளப்பாமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

அடுத்து மொட்டைமாடி. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிப்பது பழைய வித்தை. இன்றைக்கும் அதை மிஞ்ச அதிகம் இல்லை. மேலே வெள்ளை அடித்தால் வெயிலில் பெரும்பங்கு திரும்பிப் போய்விடும். வருஷா வருஷம் பங்குனியில் ஒருதடவை சுண்ணாம்பு அடிக்கச் சோம்பல்படாதீர்கள். தளத்துக்கு மேலே காற்று ஓட இடம்விட்டு ஒரு பந்தல் போட்டால் இன்னும் உத்தமம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் இழை நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது.

மூன்றாவது, கம்பி. உப்புக் காற்று காங்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கவைக்கும். துரு ஊதும், சிமென்ட் பெயர்ந்து தலையில் விழும். திறந்த கடற்காற்றுக்கு, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவர், எம்-30 தரக் காங்கிரீட் என்பது இந்தியத் தரக் கட்டுப்பாட்டு விதி. கடல் மணலும், உவர்க் கிணற்றுத் தண்ணீரும் கலவைக்குக் கூடாது. கொத்தனார், 'எல்லாரும் இதுலதான் கட்டுறாங்க' என்பார். தண்ணீரை லேபில் கொடுத்துப் பாருங்கள். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது.

மேடு இருக்கே, வெள்ளம் எப்படி வரும்?

2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஒரு வருஷ மழைக்கும் மேலே! வறண்ட ஊர் என்ற நினைப்பில் ஓடை வழியில் கட்டிய வீடுகள் பட்ட பாடு ஊரறியும். தேரி மணல் மழையைச் சட்டென்று குடிக்கும். ஆனால் தேரி இடுக்குப் பள்ளங்கள்தான் தருவை. வைரவன் தருவை, புத்தன் தருவை என்று பேரே இருக்கிறது. கோடையில் காய்ந்த பொட்டலாகத் தெரியும் பள்ளத்தைத் 'தண்ணியே நிக்காது சார்' என்று காட்டுவார்கள். ஊர்ப் பெரியவர் ஒருத்தரைக் கூட்டிப் போய்க் கேளுங்கள்.

மேட்டை இயந்திரம் விட்டுச் சமன் பண்ணவும் வேண்டாம். பொலபொலவென்ற மணல் அது. வெட்டிய சரிவு நிற்காது. சரிவோடு வீடு இறங்கட்டும். கெட்டி மண் வரை அஸ்திவாரம் போகட்டும். தாங்கு சுவரில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கட்டும். கிணறு மேட்டுப் பக்கம், செப்டிக் டேங்க் தாழ்ந்த பக்கம். இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஐம்பது அடி. மணல் கழிவு நீரை வடிகட்ட நேரமே கொடுக்காது.

அதே மழைதான் வரமும். ஆயிரம் சதுர அடி மாடியில் சாதாரண வருஷத்தில் விழுவது சுமார் 60,000 லிட்டர். குடிக்க, சமைக்க ஒரு நாளைக்கு 40 லிட்டர் என்றால் வருஷத்துக்கு 14,600 லிட்டர்தானே? தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். பேருக்கு ஒரு குழாய் விடாமல், மூடிய தொட்டியாகக் கட்டுங்கள். கரிக்கும் தண்ணீரை வருஷக் கணக்கில் குடிப்பது ரத்த அழுத்தத்தை ஏற்றும். தொட்டி, டிரம் எதுவானாலும் மூடி அவசியம். வாரம் ஒருதடவை டிரம்மைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு எட்டு, பத்து நாள் போதும். தண்ணீர் பிடித்துவைக்கிற ஊரில்தான் அதற்குக் கொண்டாட்டம்.

சரி, தாத்தா விஷயத்துக்கு வருவோம். மேல் அடுக்கிலிருந்து அவர் பேரை அடித்துவிடுங்கள். கீழ்த்தளத்தில் வடகிழக்கு மூலை, தலைக்கு மேலே மாடி இருக்கிற அறை. வெயில் நேராகத் தளத்தில் விழாது. ஜன்னல் கிழக்கே ஒன்று, வடக்கே ஒன்று. பாத்ரூம் பத்தடிக்குள், நடுவில் ஒரு படிகூட இல்லாமல். சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. சுவிட்ச் கட்டிலிலிருந்து கை எட்டும் இடத்தில், தரையிலிருந்து நாலடி உயரத்தில். பிளக் பாயின்டும் அதே உயரத்தில்தான். 2023-ஐ மறக்க வேண்டாம்.

சூரியன் இறங்குவதைப் பார்க்கணும் என்று அவரே ஆசைப்பட்டால்? மேற்கு வாசலில், வேப்ப மர நிழலில் ஒரு திண்ணை கட்டிக்கொடுங்கள். ஆறு மணிக்கு மேலே போய் உட்காரட்டும். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர்.