நுண்ணுயிர்கள் விளைவிக்கும் பிளாஸ்டிக்

நல்லம்பள்ளி வட்டாரத்தில் தக்காளி பயிரிடும் குடியானவர்களிற் பலர், சொட்டுநீர்க் குழாயுடன் மல்ச்சிங் ஷீட்டையும் பாரின்மேல் விரித்து வருகின்றனர். களை அடங்குவதும் ஈரம் காக்கப்படுவதும் கண்கூடு. ஆயினும், 25 அல்லது 30 மைக்ரான் கனமேயுள்ள அத்தாள், காய் பறித்து ஓய்ந்தபின் கந்தலாகி, ஏர் ஓட்டும்போது மண்ணில் புதைந்துவிடுகிறது. பெட்ரோலியத்திலிருந்து பிறக்கும் பாலிஎதிலீன் மண்ணிலுள்ள கிருமிகளுக்கு எளிதில் இரையாவதில்லை. தானே மக்கும் ஷீட் உண்டா என்று குடியானவர்கள் அடிக்கடி வினவுவதால் இவ்விஷயத்தை விவரிக்கலாயிற்று.

மக்கும் பிளாஸ்டிக் வகைகளுள் பி.எச்.பி. என்பது நுண்ணுயிர்களின் உடலுக்குள்ளேயே உண்டாவது. 1926-ம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் மாரிஸ் லெமுவான் என்பவர் இதனைக் கண்டறிந்தார். சர்க்கரை மிகுந்தும் தழைச்சத்தோ மணிச்சத்தோ குறைந்தும் உள்ள வேளையில், சில நுண்ணுயிர்கள், நாம் குதிரில் தானியம் சேர்ப்பதுபோல், இதனைத் துகள்களாகச் சேர்த்து வைக்கின்றன. உலர்ந்த எடையில் நூற்றுக்கு 80 பங்கு வரை சேர்ப்பவையும் உண்டு. பஞ்ச காலத்து உணவாகவே சேர்ப்பதால், மண்ணிலுள்ள மற்றக் கிருமிகளும் இதனை உண்டு செரித்துவிடுகின்றன. மக்கும் இரகசியம் இதுவே.

1988-ல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் ஆராய்ச்சியாளர்கள், இத்தொழிலுக்குரிய மரபணுக்களை எடுத்து, நம் குடலில் வாழும் ஈ. கோலி என்னும் நுண்ணுயிரிற் புகுத்தினர். இது வெகு விரைவிற் பெருகுவது; அன்றியும், சேர்த்த பொருளைத் தானே தின்றுவிடும் சக்தி இதற்கில்லை. திருடத் தெரியாத களஞ்சியக் காவற்காரன் என்னலாம்.

நிற்க, விலையே இடையூறு. 1990-ல் ஜெர்மனியில் இவ்வினப் பிளாஸ்டிக்கால் ஷாம்பு புட்டிகள் செய்து விற்றனர். பாலிஎதிலீனுடன் விலையிற் போட்டியிட இயலவில்லை. ஒரு கிலோ பி.எச்.பி.க்கு ஏறக்குறைய 3 கிலோ சர்க்கரை செலவாகிறது. பிரேஸில் தேசத்தில் கரும்புச் சர்க்கரையைக் கொண்டே செய்து பார்த்திருக்கின்றனர். நம் ஜில்லாவில் கரும்பும், சர்க்கரையாக மாற்றத்தக்க மாவுள்ள மரவள்ளியும் விளைகின்றன என்பதை இங்கே நினைக்கலாம். ஆனால் ஆலை எழுமுன் அதை நம்பிப் பரப்பை விஸ்தரிப்பது விவேகமன்று.

2024-ல் புனேயை அடுத்த ஜெஜூரியில் திறக்கப்பட்ட மாதிரி ஆலையின் பொருள் பி.எல்.ஏ. என்னும் வேறு வகை. இதுவும் நுண்ணுயிரால் சர்க்கரையைப் புளிக்கவைத்துப் பெறும் அமிலத்திலிருந்தே செய்யப்படுகிறது. எனினும் இது ஏறத்தாழ 58 டிகிரி சூடுள்ள எருக் குவியலில் மக்குமேயன்றி, வயல் மண்ணில் விரைவில் மக்காது. ஆகையால் “மக்கும்” என்ற அச்செழுத்தை மட்டும் கண்டு வாங்கலாகாது. எருக்குழியில் மக்குமா, மண்ணில் மக்குமா, எத்தனை மாதத்தில் என்று கேட்டு, அதற்குரிய சான்றையும் பார்க்கவேண்டும். ஐரோப்பாவில் 2018-ல் வகுத்த இ.என். 17033 என்னும் விதி, மூடாக்குத் தாளில் நூற்றுக்கு 90 பங்கு இரண்டு ஆண்டுகளுக்குள் மண்ணிலேயே சிதையவேண்டும் என்கிறது.

இப்போது விரித்துள்ள ஷீட்டைக் கடைசிப் பறிப்பு முடிந்தவுடன், வெயிலில் நொறுங்குமுன் உருவிச் சுருட்டுக. மண்ணை உதறிப் பழைய பிளாஸ்டிக் வாங்குவோரிடம் சேர்ப்பிக்கலாம்; வரப்போரத்தில் கொளுத்துதல் கூடாது.