தொட்டுப் பார்க்க ஓர் இடம்

நீண்ட சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய குழந்தைகளின் பெற்றோர், மறுபரிசோதனைக்கு வரும்போது எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "டாக்டர், பிள்ளையை எங்கேயாவது வெளியே கூட்டிக்கொண்டு போகலாமா?" கடற்கரை, கோயில், உறவினர் வீட்டுத் திருமணம் எனப் பல இடங்களைக் குறிப்பிடுவார்கள். மூன்று முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, மருத்துவரின் அனுமதி கிடைத்த பின், நாங்கள் விரும்பிப் பரிந்துரைக்கும் இடம் ஒன்று உண்டு. குழந்தைகள் தாமே தொட்டு இயக்கிப் பார்க்கும் அறிவியல் காட்சியகமே அது. அதற்கான காரணத்தையும், பாதுகாப்பாகச் சென்றுவரும் முறையையும் இங்கே விளக்குகிறோம்.

ஏன் இந்த இடம்?

மருத்துவமனையில் குழந்தையின் உடல் நாள் முழுவதும் பிறர் கைகளில் இருக்கிறது. ஊசி, கட்டு, எக்ஸ்ரே, மருந்து நேரம் என எதுவும் அதன் விருப்பப்படி நடப்பதில்லை. அதன் கை நீளும்போதெல்லாம் "குழாயைத் தொடாதே", "பிளாஸ்திரியைப் பிய்க்காதே" என்கிறோம். அவை தேவையான சொற்களே. ஆயினும் மாதக்கணக்கில் அவற்றைக் கேட்ட குழந்தை எதையும் தானாகத் தொடங்கத் தயங்குகிறது. புறநோயாளிகள் பிரிவில் ஒரு பொம்மையை நீட்டினால்கூட, அதை வாங்கலாமா என்று தாயின் முகத்தைப் பார்க்கும் பிள்ளைகளை நாங்கள் அன்றாடம் காண்கிறோம்.

தொட்டு இயக்கும் காட்சியகத்தில் இந்த நிலை தலைகீழாகிறது. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது. கைப்பிடியைச் சுற்றினால் மின்சாரம் பிறக்கிறது. கப்பியில் கோத்த கயிற்றை இழுத்தால் தன்னைவிடக் கனமான பொருள் மேலே எழுகிறது. செய்வது குழந்தை, பதில் சொல்வது பொருள். தன் கையால் ஒன்றை நிகழ்த்த முடியும் என்ற நம்பிக்கையை நோயிலிருந்து மீளும் குழந்தை மீண்டும் பெற வேண்டியிருக்கிறது. அதற்கு இதைவிட எளிய வழி அதிகம் இல்லை.

அருங்காட்சியகங்கள் எப்போதும் இவ்வாறு இருந்ததில்லை. குழந்தைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் முதன்முதலில் 1899ஆம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கப்பட்டது. 1960களில் பாஸ்டன் குழந்தைகள் அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்ற மைக்கேல் ஸ்பாக், பொருள்களைக் கண்ணாடிப் பெட்டிகளிலிருந்து வெளியே எடுத்துக் குழந்தைகளின் கைகளில் கொடுத்தார். குழந்தை வளர்ப்பு நூலால் உலகறிந்த குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக்கின் மகன் இவர். சிறுவயதில் வாசிப்புக் குறைபாட்டால் இடர்ப்பட்டவர். ஏட்டில் எட்டாததைப் பொருள்களின் வழியே கற்கலாம் என்பதைத் தம் வாழ்விலேயே அறிந்தவர். 1969இல் இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எக்ஸ்புளோரடோரியமும் இதே வழியில் வளர்ந்தது.

நம் நாட்டில் 1959இல் கொல்கத்தாவிலும் 1965இல் பெங்களூரிலும் இத்தகைய காட்சியகங்கள் திறக்கப்பட்டன. தமிழ்நாட்டில் சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும், 1987 முதல் இயங்கிவரும் திருநெல்வேலி மாவட்ட அறிவியல் மையமும் குறிப்பிடத்தக்கவை. கோட்டூர்புர வளாகத்திலேயே பிர்லா கோளரங்கமும் இருக்கிறது.

புறப்படும் முன்

முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளுக்கு நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை முக்கியம். அது 500க்குக் கீழே இருக்கும் நாள்களில், கூட்டம் நிறைந்த மூடிய கூடங்களுக்கு அழைத்துச் செல்லவே வேண்டாம். அதற்கு மேல் இருந்தாலும் அண்மைய ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் காட்டி அனுமதி பெறுவது நல்லது. தட்டணுக்கள் குறைந்துள்ள குழந்தைகள் ஏறி இறங்கும் விளையாட்டுகளையும், இடித்துக்கொள்ள வாய்ப்புள்ள இடங்களையும் தவிர்க்க வேண்டும்.

விடுமுறை நாள்களில் கூட்டம் மிகுதி. வேலை நாள்களின் முற்பகலில் பள்ளிப் பேருந்துகள் வந்து நிற்கக்கூடும். எனவே வேலை நாளின் பிற்பகலே ஏற்றது. திறந்திருக்கும் நேரத்தையும் கட்டணத்தையும் முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி தேவைப்படும் குழந்தையாயின் சரிவுப்பாதை, மின்தூக்கி, கழிப்பறை ஆகியவற்றைப் பற்றியும் கேளுங்கள். சில காட்சிப்பொருள்கள் பழுதுபார்ப்பில் இருக்கலாம் என்பதைக் குழந்தையிடம் முன்பே சொல்லிவையுங்கள், ஏமாற்றம் குறையும்.

தவிர்க்க வேண்டியவை

அறிவியல் காட்சியகத்தில் உள்ள சில பொருள்கள் மற்றவர்க்குத் தீங்கற்றவை. ஆனால் உடலில் கருவி பொருத்தப்பட்ட குழந்தைகளுக்கு அவ்வாறல்ல.

காந்தங்கள்: மூளையில் சேரும் நீரை வடிக்க ஷண்ட் பொருத்தப்பட்ட குழந்தைகளில் சிலருக்கு, வெளியிலிருந்தே மாற்றியமைக்கக்கூடிய வால்வு வைக்கப்பட்டிருக்கும். வலுவான காந்தம் தலைக்கு அருகில் வந்தால் அதன் அமைப்பு மாறிவிடக்கூடும். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட குழந்தைகளும், காக்ளியர் கருவி பொருத்தப்பட்ட குழந்தைகளும் காந்தப் பகுதிக்குச் செல்ல வேண்டாம்.

நிலைமின்சாரம்: தொட்டவுடன் தலைமுடி சிலிர்த்து நிற்கும் உலோகக் கோளம் குழந்தைகளைப் பெரிதும் ஈர்க்கும். அதன் பெயர் வான் டி கிராஃப் மின்னாக்கி. மின்னல் கீற்றுகள் ஓடும் கண்ணாடி உருண்டையும் அத்தகையதே. காக்ளியர் கருவி உள்ள குழந்தைகள் இவ்விரண்டையும் தொடக் கூடாது. வெளிப்பகுதியைக் கழற்றிவிட்டால் போதும் என்று எண்ணுவதும் தவறு. பேஸ்மேக்கர் உள்ளவர்களும் விலகியே இருக்க வேண்டும்.

மின்னி மறையும் விளக்குகள்: வலிப்பு நோயுள்ள குழந்தைகளில் சிலருக்கு இவை வலிப்பைத் தூண்டக்கூடும். உங்கள் குழந்தை அந்த வகையைச் சேர்ந்ததா என்பதை நரம்பியல் மருத்துவரிடம் கேட்டறிந்து செல்லுங்கள்.

இருட்டு: கோளரங்கம் அழகானதுதான். ஆயினும் நான்கைந்து வயதுக்கு உட்பட்டோர் பலர் திடீர் இருளில் அஞ்சி அழுவார்கள். ஸ்கேன் அறையின் நினைவு இன்னும் விலகாத குழந்தைக்கு அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

அங்கே சென்றபின்

எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை வாயிலிலேயே விட்டுவிடுங்கள். கட்டணம் கொடுத்திருக்கிறோமே என்று அறை அறையாக இழுத்துச் செல்வது குழந்தையைக் களைப்படையச் செய்யும். குழந்தையின் கை எங்கே நிற்கிறதோ அங்கே நீங்களும் நில்லுங்கள். விளக்கப் பலகையைப் படித்துக்காட்ட அவசரப்படாதீர்கள். "இதை அழுத்து, அதைத் திருப்பு" என்று சொல்லிக்கொடுக்கவும் வேண்டாம். ஒன்றரை மணி நேரம் போதும். இடையில் தண்ணீரும், வீட்டிலிருந்து கொண்டுசென்ற உணவும், சற்று ஓய்வும் வேண்டும்.

பலர் தொட்ட பொருள்களையே நம் குழந்தையும் தொடுகிறது. ஆகவே உணவுக்கு முன்பும் புறப்படும்போதும் சோப்பும் நீரும் கொண்டு 20 விநாடி கை கழுவச் செய்யுங்கள். கையைக் கண்ணிலும் வாயிலும் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கும் "தொடாதே" என்ற சொல் தேவையில்லை. "தொட்டுவிட்டுக் கழுவிக்கொள்வோம்" என்று சொன்னால் போதும்.

உடன்பிறந்த பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். நோயுற்ற குழந்தையின் பொருட்டு மாதக்கணக்கில் பாட்டி வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இருந்தவர்கள் அவர்கள். இயன்றால் பெரியவர் இருவர் செல்லுங்கள். ஒருவர் மூத்த பிள்ளையின் விருப்பத்துக்கும், மற்றவர் இளைய பிள்ளையின் விருப்பத்துக்கும் நேரம் தரலாம்.

எங்கள் பிரிவில் சிகிச்சை பெற்ற ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியின் தந்தை எங்களிடம் கூறியதை இங்கே பகிர்கிறோம். அவர்கள் சென்ற அறிவியல் பூங்காவில், தொலைவில் எதிரெதிராக நிற்கும் இரண்டு பெரிய குழிவட்டில்கள் இருந்தன. ஒன்றின் முன் மெல்லப் பேசினால், அந்த ஒலி சிதறாமல் எதிரொலித்துச் சென்று மற்றொன்றின் முன் நிற்பவர் காதில் குவியும். அரை மணி நேரமாகியும் சிறுமி அங்கிருந்து நகரவில்லை. தந்தை பொறுமையிழந்து, மற்றவற்றைப் பார்க்க அழைத்துச் செல்ல எண்ணிய வேளையில் அவள் குரல் வந்தது: "அப்பா, இனிமே எனக்கு ஊசி உண்டா?"

வீட்டில் அவள் ஒருமுறைகூட அதைக் கேட்டதில்லை. அவர் சற்றுத் தயங்கிவிட்டு, அதே வட்டிலின் முன் குனிந்து, "உண்டும்மா. மாசம் ஒண்ணு. நான் கூடவே இருப்பேன்" என்றார். அவள் தலையசைத்துவிட்டு, "அடுத்தது நீ பேசுப்பா" என்றாளாம்.

கை ஒரு வேலையில் ஈடுபட்டிருக்கும்போது குழந்தைகள் மனத்தில் உள்ளதைக் கேட்கிறார்கள். அப்போது உண்மையையே சொல்லுங்கள். "இல்லை" என்று பொய் சொன்னால், அடுத்த ஊசியின்போது உங்கள் மீதுள்ள நம்பிக்கையும் சேர்ந்து குலையும்.

திரும்பி வந்த பின்

சென்றுவந்த அடுத்த சில நாள்களில் காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு ஏற்படுகிறதா என்று கவனியுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் (38 டிகிரி செல்சியஸ்) அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால், இரவானாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். அங்கே உடன் விளையாடிய குழந்தைக்குச் சின்னம்மையோ தட்டம்மையோ இருந்ததாகத் தெரியவந்தால், அன்றே எங்களுக்குத் தெரிவியுங்கள். தடுப்பு மருந்தைச் சில நாள்களுக்குள் கொடுத்தால்தான் பயன் கிட்டும்.

அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது, அங்கே என்ன செய்தாய் என்று நாங்கள் குழந்தையிடமே கேட்போம். அது சொல்லி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேசாதிருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.