பாட்டி முட்டிக்கு இறால் ஓடு!

உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மேல 'ஜாயின்ட் சப்போர்ட்'னு எழுதின ஒரு பெரிய டப்பா இருக்கா? மலையேறுற வெள்ளைக்காரத் தாத்தா படம்கூட போட்டிருக்குமே! இல்லேன்னாலும் படிங்க. 'கண்ணா, உன் போன்ல இதை ஆர்டர் போட்டுக் கொடேன்'னு அம்மா சீக்கிரமே கேட்கலாம்.

டப்பாவைத் திருப்பினா பொடி எழுத்துல ரெண்டு பெயர் இருக்கும். குளுக்கோசமைன், காண்ட்ராய்டின். முதலாவது பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டுலேர்ந்து எடுக்கிறது. அடுத்தது மாடு, பன்றி, சுறாவோட குருத்தெலும்புலேர்ந்து வருது. வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிற பாட்டி இதைத்தான் தினமும் பக்தியா முழுங்கிட்டு இருப்பாங்க! (சோளத்துலேர்ந்து எடுக்கிற சைவ குளுக்கோசமைனும் உண்டு. பாட்டிகிட்ட விஷயத்தை உடைக்கிற பொறுப்பு உங்களோடது.)

தியரி என்னவோ சிம்பிள்தான். முட்டியில ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கிற குருத்தெலும்பு தேய்ஞ்சு வலிக்குது. இதான் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ். குருத்தெலும்புக்கான மூலப்பொருளைச் சாப்பிட்டா அது மறுபடி வளர்ந்துடும்னு ஒரு நம்பிக்கை. 1997-ல் அமெரிக்காவில் வந்த 'தி ஆர்த்ரைட்டிஸ் க்யூர்' புத்தகம் சக்கைப்போடு போட, மாத்திரையும் பிச்சுக்கிட்டுப் போச்சு. ஆனா, தெருமுனையில ஜல்லியும் தாரும் கொட்டிட்டா ரோடு தானா போட்டுக்குமா பாஸ்? குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது. அங்கே ரிப்பேர் வேலை நடக்கிறதே கஷ்டம்.

அமெரிக்க அரசே பணம் போட்டு இதைச் சோதிச்சுப் பார்த்தது. 'கெய்ட்'னு பேர். முட்டிவலி உள்ள 1,583 பேரை அஞ்சு குரூப்பா பிரிச்சு, 24 வாரம் மாத்திரை கொடுத்தாங்க. ஒரு குரூப்புக்கு வெறும் டம்மி மாத்திரை. 2006-ல் ரிசல்ட் வந்தது. ரெண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவங்கள்ல 100-க்கு 67 பேருக்கு வலி குறைஞ்சிருந்தது. சூப்பர்ல? இருங்க, டம்மி சாப்பிட்டவங்கள்லயும் 60 பேருக்குக் குறைஞ்சிருந்தது! கணக்குப்படி அது வித்தியாசமே இல்லை. வலி ஜாஸ்தியா இருந்த ஒரு சின்ன குரூப்புல மட்டும் 79-க்கு 54-னு நல்ல இடைவெளி. அதை இன்னொரு தடவை சோதிக்கணும்னு ஆராய்ச்சியாளர்களே சொல்லிட்டாங்க. 662 பேரை ரெண்டு வருஷம் கவனிச்சு 2010-ல் ரிசல்ட் சொன்னப்பவும் டம்மியை ஜெயிக்க முடியலை. முட்டிவலிக்கு இந்த ரெண்டும் வேண்டாம்னு அமெரிக்க ருமட்டாலஜி டாக்டர்கள் சங்கம் 2019-ல் அழுத்தமாவே சொல்லிடுச்சு.

'மஞ்சள் நம்ம ஊர் சமாச்சாரமாச்சே'ங்கிறீங்களா? குர்குமினை வெச்சுப் பண்ணின சின்னச் சின்ன ஆய்வுகள்ல வலி கொஞ்சம் குறைஞ்சது நிஜம். ஆனா மஞ்சள்தூள்ல குர்குமின் நூத்துக்கு மூணு பங்குதான். ரசத்துல ஒரு சிட்டிகை போடுறதெல்லாம் அந்தக் கணக்குல வராது.

'சைடு எஃபெக்ட் இல்லாத சத்து மாத்திரைதானே'னு விட்டுடவும் முடியாது. தாத்தா ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறாரா? கூடவே குளுக்கோசமைனும் போட்டா ரத்தக்கசிவு ஆபத்து கூடலாம். 'வேற என்ன சாப்பிடுறீங்க?'னு டாக்டர் கேட்கும்போது இந்த டப்பா யாருக்கும் ஞாபகமே வராது. அதனால டப்பாவையே கையில கொடுத்து அனுப்புங்க. இறால், நண்டு அலர்ஜி இருந்தா அதையும் சொல்லச் சொல்லுங்க.

அப்போ வலிக்கு என்னதான் வழி? அந்த டாக்டர்கள் சங்கம் அழுத்தமா சிபாரிசு பண்றதுல உடற்பயிற்சியும் (எடை கூடுதலா இருந்தா) எடைக் குறைப்பும் முக்கியம். எடை ஒரு கிலோ குறைஞ்சா, ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முட்டி மேல விழுற பாரம் நாலு கிலோ குறையுதுனு 2005-ல் ஒரு ஆய்வு சொல்லுது. நாம ஸ்டிரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல மண்டையைப் பிச்சுக்கிற அதே லோடு சமாச்சாரம்தான்!

தொடைத் தசைக்கு வலு ஏத்த ஜிம்மெல்லாம் வேண்டாம். அம்மாவை நாற்காலியில உட்காரவெச்சு, ஒரு காலை மெதுவா நீட்டச் சொல்லுங்க. அஞ்சு எண்ணிட்டு இறக்கணும். காலுக்குப் பத்து தடவை. முட்டி வீங்கியிருந்தா முதல்ல டாக்டர். இல்லேன்னா இன்னிக்கு சீரியல் விளம்பர இடைவேளையிலேயே ஆரம்பிச்சுடலாம்.