செல்போனில் முளைத்த மொச்சை



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் பேசி முடித்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடும் நேரத்தில் ஒரு உறுப்பினர் எழுந்தார். "ஏங்க்கா, பள்ளிக்கூடத்துல அறிவியல் வகுப்புக்குப் படம் எடுக்கணுமாம். எம்பொண்ணு போனைக் குடுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. படிக்க அனுப்புனா படம் எடுக்கச் சொல்றாங்களே, இது என்ன படிப்பு?" என்று கேட்டார். பாதிப்பேர் சிரித்தோம். ஆனால் பதில் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது குழுவில் கடன் வாங்கிப் பிள்ளைக்குப் போன் வாங்கிக் கொடுத்தவர்கள் நம்மில் நிறைய. அதே போனால் பிள்ளை கெட்டுப்போகுமோ என்று பயப்படுவதும் நாம்தான். எனவே நாங்கள் நாலு பேர் ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டு அந்த ஏழாம் வகுப்புக்கே போய் உட்கார்ந்தோம். பார்த்ததையும், பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறோம்.

படம் என்றதும் நாங்கள் பாட்டு, டான்ஸ் என்று நினைத்துவிட்டோம். அங்கே இருந்தது ஒரு கண்ணாடி டம்ளர். உள்ளே ஈரக் காகிதம். காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஊறவைத்த மொச்சை விதை ஐந்து. எதிரே இரண்டு செங்கல், அதில் ரப்பர் பேண்டு போட்டு ஒரு பழைய போன். காலை மணி அடித்ததும் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று தினமும் மூன்று போட்டோ. டம்ளரும் செங்கலும் இருக்க வேண்டிய இடத்தைச் சாக்பீசால் கோடு போட்டு வைத்திருந்தார்கள். முதல் தடவை கோடு போடாமல் எடுத்ததில் டம்ளர் அங்கேயும் இங்கேயும் ஆடி, விதை கும்மியடித்ததாம்.

எடுக்கத் தொடங்கும் முன்பே ஆசிரியை ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். விதையிலிருந்து முதலில் வருவது வேரா, இலையா? பாதிப் பிள்ளைகள் இலை என்று எழுதியிருந்தார்கள். நாம் சிரிக்க வேண்டியதில்லை. எங்களோடு வந்த, முப்பது வருஷமாகக் காடு கழனி பார்க்கிற அக்காவே கொஞ்சம் யோசித்துத்தான் வேர் என்றார். மண்ணுக்குள் நடப்பது யார் கண்ணுக்குத் தெரிகிறது? மண்ணுக்கு மேலே பச்சை தெரியும்போதுதான் முளைத்தது என்கிறோம். படத்தில் மூன்றாம் நாளே வெள்ளையாய் வேர் எட்டிப் பார்க்கிறது, இலையைக் காணோம்.

நான்காம் நாள் ஒரு பையன் டம்ளரைப் படுக்கவைத்தால் என்ன ஆகும் என்று கேட்டான். படுக்கவைத்தார்கள். பக்கவாட்டில் நின்ற வேரின் நுனி, அடுத்த இரண்டு நாள் படங்களில் மெல்ல வளைந்து மறுபடி கீழே பார்க்கிறது. விதையை எப்படிப் போட்டாலும் வேர் கீழேதான் போகும் என்று நமக்குத் தெரியும். பூமியின் ஈர்ப்பு விசை எந்தப் பக்கம் என்று வேரின் நுனி உணர்கிறது, அதற்கேற்ப ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் வளர்வதால் வேர் வளைகிறது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம்.

இதில் கணக்கும் இருக்கிறது. நாம் தியேட்டரில் பார்க்கும் சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அத்தனை வேகத்தில் ஓடுவதால்தான் தனித்தனிப் படம் என்று கண்ணுக்குத் தெரியாமல் அசைவாகத் தெரிகிறது. பிள்ளைகள் எட்டுப் பள்ளி நாளில் எடுத்தது 24 போட்டோ. அதாவது எட்டு நாள் உழைப்பும் ஒரே வினாடியில் ஓடிவிடும். "ஐயையோ" என்று கத்தினார்களாம். அப்புறம் ஒவ்வொரு படத்தையும் அரை வினாடி நிறுத்தி, 12 வினாடியாக ஆக்கினார்கள். அதிலும் ஒரு இடத்தில் வேர் ஒரே தாவாகத் தாவுகிறது. சனி ஞாயிறு லீவு, படம் எடுக்கவில்லை. வேருக்கு ஏது லீவு?

இது புதுசாக வந்த வேலையும் இல்லை. 1878-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், குதிரை ஓடும்போது நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா என்ற கேள்விக்குப் பதில் தேடி, எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர் ஓடுபாதை ஓரமாக 12 கேமராக்களை வரிசையாக வைத்துப் படம் எடுத்தார். எழும்பியது. ஓவியர்கள் வரைந்து வந்த மாதிரி கால்களை முன்னும் பின்னும் நீட்டியபோது அல்ல, வயிற்றுக்குக் கீழே மடக்கிய நொடியில். சினிமா பிறப்பதற்கு வழி காட்டிய படங்களில் அதுவும் ஒன்று. 1910-இல் இங்கிலாந்தில் பெர்சி ஸ்மித் என்பவர் பூக்கள் மலர்வதை இந்தப் பிள்ளைகள் மாதிரியே விட்டு விட்டு எடுத்துக் காட்டினார்.

மெதுவாக நடப்பதை வேகமாகக் காட்டுவது போல, வேகமாக நடப்பதை மெதுவாகவும் காட்டலாம். இப்போதைய பல போன்களில் 'ஸ்லோ மோஷன்' இருக்கிறது. எலுமிச்சம்பழத்தையும் தேங்காயையும் ஒன்றாகக் கீழே விட்டால் எது முதலில் விழும்? தேங்காய் என்றுதான் நாங்களும் சொன்னோம். மணல் பரப்பி, சுமார் ஒன்றேகால் மீட்டர் உயரத்திலிருந்து விட்டார்கள். அரை வினாடியில் விழுந்துவிட்டது, ஒன்றும் புரியவில்லை. எட்டு மடங்கு மெதுவாக ஓட்டியபோது நாலு வினாடி. இரண்டும் சேர்ந்தே மணலைத் தொட்டன! எங்களில் ஒருவர் நம்பாமல் மறுபடி விடச் சொன்னார். மறுபடியும் அப்படியே.

2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியிலும் நல்ல அறிவியல் படங்கள் வருகின்றன. ஆனால் பார்ப்பது வேறு, எடுப்பது வேறு. எடுக்கிற பிள்ளை எதைக் காட்டுவது, எதை முதலில் சொல்வது, எப்படிச் சொன்னால் புரியும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. தனக்குப் புரியாததைக் குரல் கொடுக்கும்போது மறைக்க முடியாமல் மாட்டிக்கொள்கிறது.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. ஐந்து விதையில் ஒன்று முளைக்காமல் அழுகிவிட்டது. அசிங்கமாக இருக்கிறதென்று ஒரு குழு அதை வெட்டிவிட்டது. ஆசிரியை ஒத்துக்கொள்ளவில்லை. அழுகிய விதையைச் சேர்த்து, நாலு முளைத்தது ஒன்று முளைக்கவில்லை என்று குரல் கொடுத்த பிறகுதான் படத்தை ஏற்றுக்கொண்டார். அவர் செய்தது சரி என்றே எங்களுக்குப் பட்டது. வரவு செலவு நோட்டில் வராக்கடனை எழுதாமல் விட்டால் நாம் ஒத்துக்கொள்வோமா?

இனி அந்த உறுப்பினரின் பயத்துக்கு வருவோம். பயம் நியாயமானதுதான். நம் போனில் வங்கி மெசேஜ் வருகிறது, ஓடிபி வருகிறது. அந்தப் போனைப் பள்ளிக்குக் கொடுக்க வேண்டாம். படம் எடுக்க சிம் கார்டே தேவையில்லை, ரீசார்ஜும் தேவையில்லை. திரை கீறல் விழுந்து பரண்மேல் கிடக்கும் பழைய போன் போதும். உங்கள் கணக்கு விவரம், போட்டோ எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுங்கள். பிள்ளைகளின் முகம் படத்தில் வர வேண்டாம், கையும் குரலும் போதும் என்று ஆசிரியையிடம் கேட்டோம். பெண் பிள்ளைகள் வீடியோ கண்ட கண்ட வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றக் கூடாது என்பதையும் கறாராகவே சொன்னோம். ஒத்துக்கொண்டார். இன்னொன்றும் கவனித்தோம். போனைப் பிடிப்பது பையன்கள், டம்ளர் கழுவுவது பெண் பிள்ளைகள் என்று ஆகியிருந்தது. அதையும் சொன்னோம். இப்போது முறை வைத்து மாற்றுகிறார்கள்.

நமக்கெல்லாம் கேமரா வருமா என்று நினைக்காதீர்கள். 1984-லேயே குஜராத்தில் சேவா அமைப்பின் பெண்கள் வீடியோ எடுக்கப் பயிற்சி பெற்றார்கள். காய்கறி விற்கிறவர்களும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதில் இருந்தார்கள். தங்கள் தொழில், தங்கள் பிரச்சினை எல்லாவற்றையும் தாங்களே படமாக்கினார்கள்.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். நம் உறுப்பினர்கள் சிலரும் அதில் இருக்கிறோம். பழைய போனைப் பள்ளியில் யார் பொறுப்பில் வைப்பது, படங்களை எவ்வளவு நாள் வைத்திருப்பது என்று அடுத்த கூட்டத்தில் பேசித் தீர்மானம் போடக் கேட்டிருக்கிறோம். கொடுக்கப் போன் உள்ளவர்கள் உங்கள் ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள். முன்பு கேள்வி கேட்ட அந்த உறுப்பினர்தான் முதல் பெயர் கொடுத்திருக்கிறார். அவர் மகள் அடுத்ததாகச் சோளம் போட்டு எடுக்கப் போகிறாளாம்.