தர்பூசணி குக்கீ, மாம்பழ குக்கீ: கோடையில் ராயல் ஐசிங் ஏன் சொதப்புகிறது? எவ்வளவு கலர் போடலாம்?

இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் அது பத்து விநாடி வேலை. குக்கீ மேல் சிவப்பு ஐசிங்கை ஊற்றி, ஓரத்தில் பச்சைக் கோடு இழுத்து, நடுவில் நாலு கறுப்புப் புள்ளி வைத்தால் தர்பூசணித் துண்டு ரெடி. அதையே மே மாதம் சென்னையிலோ மும்பையிலோ உங்கள் கிச்சனில் செய்து பாருங்கள். மாவு இளகி வடிவம் போகும். ஐசிங் மணிக்கணக்கில் பிசுபிசுவென்றே இருக்கும். மறுநாள் காலையில் பார்த்தால் சிவப்பு, வெள்ளைக்குள் கசிந்திருக்கும்.

இது கைப்பழக்கம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. பாதிக்கு மேல் காற்றின் ஈரப்பதம் செய்கிற வேலை. அதோடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது: அந்தச் சிவப்பு வருவதற்கு எவ்வளவு கலர் போட்டீர்கள்? இந்தக் குக்கீகளை அதிகம் சாப்பிடப்போவது குழந்தைகள்தான் என்பதால், அதைக் கேட்டே ஆக வேண்டும்.

ராயல் ஐசிங் என்றால் என்ன?

ஐசிங் சுகர், முட்டையின் வெள்ளைக்கரு, கொஞ்சம் தண்ணீர். அவ்வளவுதான். பட்டர் கிரீம் போல இதில் கொழுப்பு கிடையாது. அடிக்கும்போது வெள்ளைக்கருவில் உள்ள புரதங்கள் விரிந்து காற்றைப் பிடித்துக்கொள்கின்றன. பிறகு தண்ணீர் ஆவியாக, சர்க்கரை நுண்ணிய படிகங்களாக இறுகுகிறது. அதனால்தான் காய்ந்த ராயல் ஐசிங் ஓடு போல நிற்கிறது, பெட்டியில் அடுக்கினாலும் ஒட்டுவதில்லை.

வீட்டில் செய்ய எளிய அளவு: 450 கிராம் ஐசிங் சுகர், 3 டேபிள்ஸ்பூன் மெரிங் பவுடர், 5 முதல் 6 டேபிள்ஸ்பூன் தண்ணீர். மெரிங் பவுடர் என்பது உலர்த்திய வெள்ளைக்கருவை அடிப்படையாகக் கொண்ட பொடி. பாத்திரத்திலும் பீட்டரிலும் எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இருக்கக்கூடாது. கொழுப்பு பட்டால் நுரை எழும்பாது.

சென்னையில் காயமாட்டேங்குது, டெல்லியில் நாசில் அடைக்குது. ஏன்?

ஐசிங் காய்வது என்றால் அதிலிருக்கும் தண்ணீர் காற்றுக்குள் போவது. கடலோர நகரங்களில் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிரம்பியிருக்கிறது. அதனால் ஆவியாதல் மெதுவாகிறது. மழைநாளில் ஈரப்பதம் 85 சதவீதத்தை ஒட்டிப் போனால் நிலைமை இன்னும் மோசம். அந்த அளவில் சர்க்கரையே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். டெல்லியின் மே மாத வறண்ட வெயிலில் நேர்மாறு. ஐசிங் பைப்பிங் பேக்கின் முனையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். அங்கே வேலை முடியும்வரை முனையை ஈரத்துணியில் வைத்திருந்தால் போதும்.

கடலோரத்தில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது:

- ஏசி அறையில் காய வையுங்கள். ஏசி குளிரவைப்பதோடு காற்றிலிருக்கும் ஈரத்தையும் வெளியேற்றுகிறது.
- குக்கீக்கு நேராக ஃபேன் ஓடட்டும். மேல்தோல் சீக்கிரம் இறுகினால் பளபளப்பும் நிற்கும், நடுவில் பள்ளம் விழுவதும் குறையும்.
- ஃப்ரிட்ஜில் வைத்துக் காயவைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் குக்கீ மேல் நீர் கோத்து, நிறங்கள் ஒழுகும்.
- அடுத்த அடுக்கோ பேக்கிங்கோ, முழுசாகக் காய்ந்த பிறகுதான். ஒரு இரவு முழுக்க விடுவது நல்லது.

மாவுக்கும் ஒரு கணக்கு உண்டு. வெண்ணெய் சுமார் 32 முதல் 35 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கோடையில் நம் கிச்சன் அந்த வெப்பத்தைத் தாண்டியே இருக்கும். வெட்டிய குக்கீகளை ட்ரேயோடு 15 நிமிடம் ஃப்ரீஸரில் வைத்துவிட்டு ஓவனுக்கு அனுப்பினால், மாங்காய் வடிவம் மாங்காயாகவே வெளியே வரும்.

பழங்களை எப்படி வரைவது?

ஒரே ஐசிங்கை இரண்டு பதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பற்பசை போல கெட்டியாக ஒன்று, ஓரக்கோடு போட. இன்னொன்று நிரப்ப. கரண்டியால் கோடு கிழித்தால் அது 15 முதல் 20 விநாடிக்குள் தானாக மூடிக்கொள்ள வேண்டும். அதற்கு முன்பே மூடினால் தண்ணீர் அதிகம், குக்கீயை விட்டு வழியும். மூடவே இல்லையென்றால் அரை டீஸ்பூன் தண்ணீர் சேருங்கள்.

தர்பூசணி: முதலில் பச்சைத் தோல், அது காய்ந்ததும் வெள்ளைப் பட்டை, அதுவும் காய்ந்ததும் சிவப்பு. மூன்றையும் ஈரமாகவே பக்கத்தில் வைத்தால் கசியும். விதைகளை மட்டும் சிவப்பு ஈரமாக இருக்கும்போதே வைத்தால், அவை மேடு தட்டாமல் உள்ளே பதியும்.

மாம்பழம்: மஞ்சளை நிரப்பி, ஈரம் காயும் முன் ஒரு தோளில் துளி ஆரஞ்சு வைத்து டூத்பிக்கால் இழுங்கள். பழுத்த மாம்பழத்தின் செம்மை தானாக வரும்.

எலுமிச்சை: சுளைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக நிரப்புங்கள். முதல் சுற்று மேல்தோல் கட்டிய பிறகு மீதியை நிரப்பினால், சுளைகளுக்கு நடுவே கோடு தெளிவாகத் தெரியும்.

நாவல்பழம்: இங்கே ஒரு வேதியியல் இருக்கிறது. நாவல்பழப் பொடியின் ஊதா, ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருகிறது. வெள்ளைக்கரு காரத்தன்மை உடையது, முட்டை பழசாக ஆக அது கூடும். அதனால் ஊதா நிறம் நீலச் சாம்பலாக மாறிவிடும். சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதா திரும்பி வரும்.

கலர் எவ்வளவு போடலாம்?

இந்தியாவில் உணவில் அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்களின் பட்டியல் சிறியது. பழக் குக்கீக்கு வழக்கமாகப் பயன்படுபவை டார்ட்ரசின் (102), சன்செட் யெல்லோ (110), கார்மோசின் (122), பொன்சோ 4ஆர் (124), பிரில்லியன்ட் ப்ளூ (133). பல உணவுகளுக்கு நீண்டகாலமாக இருந்துவரும் உச்சவரம்பு, சாப்பிடும் நிலையில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம்.

இதைக் குக்கீ கணக்கில் பார்ப்போம். ஐசிங்கோடு சேர்த்து ஒரு குக்கீ 40 கிராம் என்றால், 25 குக்கீ ஒரு கிலோ. அந்த 25-க்கும் சேர்த்து 100 மில்லிகிராம் நிறம். ஒரு 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையை ஐந்தாக உடைத்தால் ஒரு துண்டு. ஒரு குக்கீக்கு வருவது வெறும் 4 மில்லிகிராம்.

ஜெல் கலரில் நிறமி ஒரு பகுதிதான், மீதி சிரப் போன்றவை. அதனால் 'இத்தனை சொட்டு' என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஆனால் நடைமுறையில் ஒன்று உறுதி: வெளிர் நிறங்களில் வரம்பைத் தாண்டுவது கடினம், அடர்சிவப்பிலும் கறுப்பிலும் சுலபம். ஐசிங் காயக் காய நிறம் தானாகக் கூடும் என்பதால், நினைத்ததைவிட ஒரு படி வெளிராக நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். பீட்ரூட் பொடியின் இளஞ்சிவப்பே தர்பூசணிக்குப் போதும்.

லேபிள் இல்லாத கலர் பொடியை வாங்கவே வாங்காதீர்கள். துணிச்சாயமான ரோடமைன்-பி கலந்திருந்தது தெரியவந்து, 2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை வந்தது நினைவிருக்கும். மினுமினுப்புப் பொடியில் 'நச்சற்றது' என்று மட்டும் எழுதியிருந்தால், அது சாப்பிடக்கூடியது என்று அர்த்தம் இல்லை. 2018-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் அப்படியான பொடி பூசிய பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்டு 6 குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. பொடியில் இருந்தது செம்பு.

முட்டை வேண்டாம் என்றால்?

பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்க வாய்ப்பு உண்டு. ராயல் ஐசிங்கை நாம் வேகவைப்பதில்லை. எனவே குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் சாப்பிடுவதாக இருந்தால் மெரிங் பவுடரோ பாஸ்ச்சரைஸ் செய்த வெள்ளைக்கருவோதான் சரி.

முட்டையே சேர்க்காமலும் செய்யலாம். கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டித் தண்ணீர், வெள்ளைக்கரு போலவே நுரைக்கும். முட்டையில்லா ராயல் ஐசிங் பலவீனமானது என்று நினைத்தால் புனேயைப் பாருங்கள். அங்கே கேக் கலைஞர் பிராச்சி தாபல் தேப், வீகன் ராயல் ஐசிங்கிலேயே 100 கிலோ எடையில் மிலன் தேவாலயத்தைப் போன்ற வடிவத்தை உருவாக்கியிருக்கிறார்.

விற்கப் போகிறீர்களா?

வீட்டுக் கிச்சனில் செய்து விற்றாலும் நீங்கள் சட்டப்படி உணவு வணிகர்தான். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யில் பதிவு செய்ய வேண்டும். வெள்ளைக்கருவோ சாதாரண மெரிங் பவுடரோ சேர்த்திருந்தால், பாக்கெட்டில் அசைவக் குறியீடு வர வேண்டும், பச்சைப் புள்ளி போடக்கூடாது. நம் லேபிள் விதிகளில் முட்டை அசைவம்தான். செயற்கை நிறம் சேர்த்திருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும்.

சட்டத்துக்காக மட்டும் இல்லை. முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தையின் அம்மா உங்கள் குக்கீயைக் கையில் எடுக்கும்போது, அவருக்கு உதவப்போவது அந்த லேபிள் ஒன்றுதான்.