வீட்டுக்கே சானா வாங்கப் போறீங்களா? தாம்பரம் பக்கம் எதுக்கு முதலில் காசு செலவழிக்கணும்?

மே மாசம் மத்தியானம் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் ஏறி இறங்கினாலே சட்டை நனைஞ்சிடும். இதில் காசு கொடுத்து வேற வியர்க்கணுமா? வீட்டில் சானா வைக்கப் போறேன் என்று சொல்பவர்கள் முதலில் சந்திப்பது இந்தக் கிண்டலைத்தான். ஆனாலும் ஜிம்மில் ஒர்க்அவுட் முடித்துப் பத்து நிமிஷம் ஸ்டீமில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு, இதையே வீட்டில் வைத்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு.

கிடைப்பது முக்கியமாக நாலு ரகம். மடக்கி வைக்கும் துணிக்கூடாரம், அதோடு ஒரு ஸ்டீம் பானை. இன்ஃப்ராரெட் கேபின்: இது காற்றைவிட உடம்பை நேரடியாகச் சூடாக்கும், உள்ளே 45 முதல் 60 டிகிரிதான் இருக்கும். பாத்ரூமையே நீராவி அறையாக மாற்றும் ஸ்டீம் ஜெனரேட்டர். கடைசியாக ஃபின்லாந்து பாணி மர அறை: ஹீட்டர் மேல் கல் அடுக்கி, 70 முதல் 90 டிகிரி வரை உலர்ந்த வெப்பம்.

எதை வாங்கினாலும் கூடவே ஒரு ஆக்சஸரி லிஸ்ட் வரும். கலர் லைட், புளூடூத் ஸ்பீக்கர், அரோமா கப், தலைக்குத் தொப்பி என்று கண்ணைக் கவரும் ஐட்டங்கள் மேலே இருக்கும். வயரிங், தண்ணீர், எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாம் கடைசியில் பொடி எழுத்தில். உப்புத் தண்ணீரும் ஈரக்காற்றும் உள்ள தென்சென்னைப் புறநகரில் அந்த லிஸ்டைக் கீழிருந்து மேலாகப் படிப்பதுதான் சரி.

கரன்ட்: இங்கே மிச்சம் பிடிக்காதீங்க

ஃபின்லாந்து பாணி அறைக்கு, ஒரு கன மீட்டருக்கு சுமார் 1 கிலோவாட் என்பது பொதுவான கணக்கு. 4 அடிக்கு 6 அடி, உயரம் 7 அடி என்றால் ஏறக்குறைய 4.8 கன மீட்டர். கண்ணாடிக் கதவு வைத்தால் வெப்பம் கூடுதலாக வெளியேறும், அதனால் 6 கிலோவாட் ஹீட்டர் தேவைப்படும். 230 வோல்ட்டில் அது இழுப்பது 26 ஆம்பியர். கீசருக்குப் போட்டிருக்கும் பவர் பிளக்கோ 16 ஆம்பியர்தான். சிங்கிள் ஃபேஸ் ஃபிளாட்டில் ஏ.சி.யோடு இதையும் ஓட்டும் எண்ணம் இருந்தால், சானா புக் பண்ணும் முன்பே ஈ.பி. ஆபீஸில் கூடுதல் லோடு பற்றிக் கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது ஒயர். வீடுகளில் போடும் சாதாரண பி.வி.சி. ஒயரின் தாங்குதிறன் பொதுவாக 70 டிகிரி. அறைக்குள்ளேயே 80, 90 டிகிரி வரும்போது அதன் மேல்பூச்சு இளகிவிடும். ஹீட்டருக்குப் போகும் கடைசி நீளத்துக்கு சிலிக்கான் ரப்பர் பூசிய, வெப்பம் தாங்கும் கேபிள் வேண்டும்.

எம்.சி.பி. இருக்கே, போதாதா? போதாது. ஒயரில் அளவுக்கு மீறி கரன்ட் போனால் எம்.சி.பி. அணைக்கும். நனைந்த உடம்பு வழியாகக் கரன்ட் கசிந்தால் அணைப்பது ஆர்.சி.சி.பி.; அதுவும் 30 மில்லி ஆம்பியர் ரகமாக இருக்கணும். ஊர் ஈரப்பதத்தால் இதில் ஒரு சிக்கல் உண்டு. பல நாள் ஓட்டாத ஹீட்டர் எலிமென்ட் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும். திரும்ப ஆன் பண்ணினால் ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆகும். "தொல்லையா இருக்கு சார், இதை பைபாஸ் பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். எலிமென்ட்டை எப்படி உலர்த்துவது, எந்த இணைப்பு முறை சரி என்பதை ஹீட்டர் கம்பெனியிடமே கேட்டுக்கொள்ளலாம்.

துணிக்கூடார ரகம் சுமார் 1 கிலோவாட்தான் என்பதால் இந்த அளவு கவலை இல்லை. அங்கே ஆபத்து வேற இடத்தில்: ஈரத்தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பானையின் ஒயர் நேராக எட்டும் சுவர் பிளக் உள்ள, காய்ந்த தரை உள்ள அறையில் கூடாரத்தை விரிப்பது நல்லது.

பில்லையும் ஒருமுறை போட்டுப் பார்த்துடலாம். 6 கிலோவாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 6 யூனிட். வாரம் மூணு தடவை என்றால் இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 156 யூனிட் கூடும். ஏற்கனவே கோடையில் ஏ.சி.யால் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடு என்றால், 500-ஐத் தாண்டியதும் ஸ்லாப் கணக்கே மாறிவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தண்ணீர்: ஜெனரேட்டரின் எதிரி

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் போர்வெல் தண்ணீரில் குடியிருப்பவர்களுக்கு ஷவர் ஓட்டைகளை அடைக்கும் அந்த வெள்ளைப் படிவத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தண்ணீரைச் சூடாக்கும்போது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் பிரிந்து எலிமென்ட் மேல் படியும். ஸ்டீம் ஜெனரேட்டரில் இது இன்னும் மோசம். நீராவி மட்டும் வெளியே போகும், உப்பு முழுவதும் உள்ளேயே தங்கும்.

குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் இல்லாதபட்சத்தில் 600 வரை அனுமதி. உங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று ஒரு லேபில் கொடுத்துப் பார்த்துவிட்டால், எந்த ஆக்சஸரி தேவை என்பது தானாகத் தெரிந்துவிடும். கையில் பிடிக்கும் டி.டி.எஸ். மீட்டர் மட்டும் போதாது. அது மொத்த உப்பைக் காட்டுமே தவிர கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது. வாட்டர் சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை விடும், அதனால் படிவம் குறையும். டி.டி.எஸ். குறையாது, "மீட்டரில் நம்பர் குறையலையே" என்று சண்டை போட வேண்டாம்.

அப்போ ஆர்.ஓ. தண்ணீர் ஊத்திடலாமா? சில மெஷினுக்குச் சரி, சிலதுக்குச் சரிப்படாது. எலக்ட்ரோடு ரகங்களில் தண்ணீர் வழியாகவே கரன்ட் ஓடித்தான் சூடாகும். உப்பே இல்லாத தண்ணீரில் அது சரியாக வேலை செய்யாது. உங்களுடையது எந்த ரகம் என்பது மேனுவலில் இருக்கும். தானாக டிரெய்ன் ஆகும் வால்வு உள்ள மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு இந்த ஏரியாவில் வீண் போகாது. துணிக்கூடாரப் பானைக்கு அந்த வசதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சிட்ரிக் ஆசிட், அதாவது எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரில் அவ்வப்போது ஊற வைத்துக் கழுவினால் படிவம் இளகிவிடும்.

கல், மரம், கதவு

கல் என்றால் பல்லாவரம் பக்கம் கிடைக்காததா என்று தோன்றும். பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறைக்கு உலகப் பெயரே உண்டு. கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைதான் என்பதால், நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் இதற்கு 'சார்னாக்கைட்' என்று பெயர் வைத்தார். பெருமை சரி, ஆனால் அதை ஹீட்டர் மேல் வைக்க வேண்டாம். குவார்ட்ஸ் கலந்த பாறை திரும்பத் திரும்பச் சூடாகி, அதன்மேல் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுத் தெறிக்கலாம். சானாவுக்கென்று விற்கும் ஒலிவின் டயபேஸ் கல்தான் பாதுகாப்பு.

மரத்தில், நம்ம ஊர் தேக்குதானே பெஸ்ட் என்ற எண்ணமும் இங்கே எடுபடாது. அடர்த்தியான மரம் வெப்பத்தைத் தோலுக்கு வேகமாகக் கடத்தும், உட்கார்ந்தால் சுடும். பெஞ்சுக்கு ஆஸ்பென், அபாச்சி போன்ற லேசான மரங்களைப் போடுவது அதனால்தான். வார்னிஷ் வேண்டாம், சூட்டில் நெடி வரும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கணும், தாழ்ப்பாள் கூடாது; மயக்கம் வந்தால் தள்ளினாலே திறந்துகொள்ள வேண்டும். கரையானுக்கும் பூஞ்சைக்கும் ஒரே பதில், அறையைக் காய விடுவது. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் துண்டே ரெண்டு நாள் காயாத ஊரில், எக்ஸாஸ்ட் ஃபேன் ஆடம்பரம் இல்லை.

மற்றதெல்லாம் சின்ன ஐட்டங்கள். தெர்மாமீட்டர், மணல் கடிகாரம், மரக் கரண்டி மூணும் உபயோகம். கலர் லைட் இல்லாமல் இருந்துவிடலாம். போனை வெளியே வைத்துவிட்டுப் போங்க. ஐபோன் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் உச்ச வெப்பநிலையே 35 டிகிரிதான்.

யாருமே விற்காத ஆக்சஸரி

ஃபின்லாந்துக்காரர்கள் சானாவிலிருந்து ஓடிப்போய் ஏரியிலோ பனியிலோ குதிப்பார்கள். தாம்பரத்தில் வெளியே வந்து ஷவரைத் திறந்தால்? மொட்டை மாடி டேங்க்கில் மத்தியானம் முழுக்கக் காய்ந்த தண்ணீர்தான் கொட்டும். வெளிக்காற்றும் ஈரமாக இருப்பதால் வியர்வை ஆவியாகாது, உடம்பும் சீக்கிரம் ஆறாது. கோடையில் காலை வேளைக்கு மாற்றிக்கொள்வது, சம்ப்பில் பிடித்த தண்ணீரை வாளியில் வைத்திருப்பது, ஃபேன் ஓடும் அறையில் உட்கார்வது, உள்ளே பத்து நிமிஷத்தோடு நிறுத்துவது: நாலும் சேர்ந்தாலும் பெரிய செலவு இல்லை.

'ஹார்ட்டுக்கு நல்லது' என்ற விளம்பரத்துக்குப் பின்னால் உண்மையான ஆய்வு ஒன்று இருக்கிறது. கிழக்கு ஃபின்லாந்தில் 2,315 நடுவயது ஆண்களைச் சுமார் 20 ஆண்டுகள் கவனித்த அந்த ஆய்வு 2015-இல் வெளியானது. வாரம் ஒரு முறை சானா எடுத்தவர்களைவிட 4 முதல் 7 முறை எடுத்தவர்களிடம் திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது. ஆனால் சானாதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. கவனித்ததும் குளிர் நாட்டில் உலர்ந்த சானாவில் உட்கார்ந்தவர்களை. மேடவாக்கத்தில் ஸ்டீம் கூடாரத்தில் உட்கார்பவர்களை அல்ல. பழகியவர்களுக்கும் எல்லை உண்டு. 2010-இல் ஃபின்லாந்தின் ஹெய்னோலாவில் 110 டிகிரியில் நடந்த உலக சானா போட்டியின் இறுதிச்சுற்றில் ஒரு வீரர் இறந்தார், அதோடு போட்டியே நின்றுபோனது. இதய நோய், குறைந்த ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்காமல் உள்ளே போகக் கூடாது. மது குடித்துவிட்டு யாருமே போகக் கூடாது. வெயிட் குறைந்தது என்று மெஷின் காட்டினால், அது வியர்வையில் போன தண்ணீர். ரெண்டு சொம்பு குடித்தால் திரும்ப வந்துடும்.

சளிக்கும் மூக்கடைப்புக்கும்தான் ஸ்டீம் வேண்டும் என்றால் இவ்வளவு செலவே தேவையில்லை. சித்த மருத்துவம் சொல்லும் 32 வகைப் புற மருத்துவத்தில் 'வேது' ஒன்று, வீட்டில் நொச்சி இலை போட்டுப் பிடிப்போமே, அதேதான். சந்தேகம் இருந்தால் கேட்க தாம்பரம் சானடோரியத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. கொதிக்கும் பானையை மடியிலோ கட்டில் மேலோ வைக்காமல் அசையாத மேஜையில் வைக்கணும், குழந்தைகளைப் பக்கத்தில் விடக் கூடாது. நொச்சி இலையோ தைலமோ ஸ்டீம் ஜெனரேட்டர் டேங்க்கில் போகவே கூடாது. இலை குழாயை அடைக்கும், எண்ணெய் சீலைக் கெடுக்கும். அதுக்குத்தான் அந்த அரோமா கப்.