ஒரு சொல்லுக்குள் பத்துச் சொற்கள்

ஐதராபாத் ஒரு தலைநகரம். 1956 முதல் ஆந்திரப் பிரதேசத்தின் தலைநகரமாக இருந்தது. 2014 ஜூன் 2-ஆம் நாள் தெலங்கானா தனி மாநிலம் ஆனது. அன்று முதல் அதன் தலைநகரமும் இதுவே. பத்து ஆண்டுகள் இரண்டு மாநிலங்களுக்கும் பொதுவான தலைநகரமாக இருந்தது. 2024 ஜூன் முதல் தெலங்கானாவுக்கு மட்டும் தலைநகரம்.

நாம் இப்போது ஊரைப் பார்க்கப் போவதில்லை. தலைநகரம் என்ற சொல்லைப் பார்க்கப் போகிறோம். இந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை சொற்கள் இருக்கின்றன? தேடிப் பார்ப்போம், வாருங்கள்.

துண்டுத் தாள் போதும்

பழைய காலண்டர் தாள் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். அதை ஆறு துண்டாகக் கிழியுங்கள். ஒரு துண்டில் ஓர் எழுத்து எழுதுங்கள்.

த - லை - ந - க - ர - ம்

ஆறு எழுத்து, ஆறு துண்டு. இந்தத் துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். பொருள் உள்ள சொல் வந்தால் நோட்டில் எழுதிக் கொள்ள வேண்டும். இதற்கு மூன்று விதிகள் உண்டு.

ஒன்று: இருக்கும் துண்டுகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும். வெளியிலிருந்து எழுத்துக் கொண்டு வரக் கூடாது.

இரண்டு: ஒரு சொல்லில் ஒரு துண்டை ஒரு முறைதான் வைக்கலாம்.

மூன்று: எழுத்தை உடைக்கக் கூடாது. ம் என்றால் ம் தான். புள்ளியை எடுத்துவிட்டு ம ஆக்கக் கூடாது. லை என்றால் லை தான். அதை ல ஆக்கக் கூடாது.

இப்போது தேடுங்கள். முதலில் இரண்டு எழுத்துச் சொற்கள்:

தலை, கலை.

அடுத்து மூன்று எழுத்துச் சொற்கள்:

நகம், கரம், ரகம், தரம், ரதம்.

அடுத்து நான்கு எழுத்துச் சொற்கள்:

நகரம், தகரம், நரகம்.

மொத்தம் பத்துச் சொற்கள். ஆறு எழுத்துக்குள் பத்துச் சொற்கள் ஒளிந்திருந்தன.

ஏமாற்றும் சொற்கள்

படிப்பு வட்டத்தில் இந்த விளையாட்டை வைத்தால் இப்படிப் பேச்சு வரும்.

"கரகம் வருமே அக்கா?"

"நல்லா பாருங்கம்மா. கரகத்துக்கு எத்தனை க வேணும்?"

"ரெண்டு."

"நம்மகிட்ட எத்தனை துண்டு இருக்கு?"

"ஒண்ணுதான். அப்போ வராது."

சரிதான், வராது. மரம் என்ற சொல்லும் வராது. மரத்துக்கு முதலில் ம வேண்டும். நம்மிடம் இருப்பது புள்ளி வைத்த ம். கதை என்ற சொல்லும் வராது. அதற்குத் தை வேண்டும். நம்மிடம் த இருக்கிறது, லை இருக்கிறது. லை எழுத்தின் கொம்பைக் கழற்றி த எழுத்துக்கு மாட்ட முடியாது.

வராத சொல்லைக் கண்டுபிடிப்பதும் நல்ல பயிற்சிதான். ஏன் வராது என்று சொல்ல வேண்டும் என்றால், ஒவ்வோர் எழுத்தையும் உற்றுப் பார்க்க வேண்டும். இந்த விளையாட்டின் பயனே அதுதான்.

நகரமும் நரகமும்

நகரம், நரகம் என்ற இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டிலும் அதே நான்கு எழுத்துகள். நடுவில் உள்ள க, ர இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. அவ்வளவுதான். பொருள் எங்கேயோ போய்விட்டது.

ஐதராபாத் நகரமும் ஒரு நாள் நரகம் ஆனது. 1908 செப்டம்பர் 28-ஆம் நாள். பெருமழை பெய்தது. ஊரின் நடுவே ஓடும் மூசி ஆறு பொங்கியது. பாலங்கள் உடைந்தன. வீடுகள் போயின. ஆயிரக்கணக்கான மக்கள் இறந்தார்கள். ஆற்றங்கரையில் ஒரு பெரிய புளியமரம் இருந்தது. அதில் ஏறிய சுமார் 150 பேர் உயிர் தப்பினார்கள் என்று சொல்வார்கள். உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் அந்த மரத்தைக் காட்டுகிறார்கள்.

பிறகு நிஜாம் அரசு பொறியாளர் விசுவேசுவரய்யாவை அழைத்தது. வெள்ளத்தைத் தடுக்க வழி கேட்டது. அவர் சொன்ன யோசனைப்படி ஊருக்கு மேலே இரண்டு பெரிய நீர்த்தேக்கங்கள் கட்டினார்கள். 1920-இல் உஸ்மான் சாகர் முடிந்தது. 1927-இல் இமாயத் சாகர் முடிந்தது. வெள்ளத்தைத் தடுக்கவும் உதவின. ஊருக்குக் குடிநீரும் தந்தன. நரகம் மறுபடி நகரம் ஆனது.

ஓர் எழுத்து மாறினால்

வெறும் விளையாட்டுக்கு இவ்வளவு ஏன் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

புதிதாகப் படிக்கக் கற்றவர்கள் பலரும் முதல் எழுத்தைப் பார்ப்பார்கள். மீதியை ஊகித்துச் சொல்வார்கள். பேருந்துப் பலகையில் இது சரியாக வந்துவிடும். எல்லா இடத்திலும் வராது.

மருந்துச் சீட்டைப் பாருங்கள். காலை என்று இருக்கும். மாலை என்று இருக்கும். ஓர் எழுத்துதான் வேறுபாடு. மாற்றிப் படித்தால் மாத்திரை நேரம் தவறிவிடும்.

கடன் சீட்டைப் பாருங்கள். "ரூபாய் 5,000 வாங்கினேன்" என்று இருக்கலாம். "ரூபாய் 5,000 வழங்கினேன்" என்றும் இருக்கலாம். வாங்கினேன் என்றால் நான் பெற்றுக் கொண்டேன். வழங்கினேன் என்றால் நான் கொடுத்தேன். இரண்டும் வ வரிசையில் தொடங்குகின்றன. இரண்டும் ங்கினேன் என்று முடிகின்றன. வேகமாகப் பார்த்தால் ஒன்று போலவே தெரியும். இதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். கைநாட்டு வைத்த காலத்தில் பிறர் சொன்னதை நம்பினோம். இப்போது நம் கண்ணை நம்பலாம். அந்தக் கண்ணுக்குப் பழக்கம் வேண்டும்.

இன்னும் ஒன்று. படித்த எழுத்தைப் பயன்படுத்தாமல் விட்டால் மறந்துவிடும். அரிவாளைத் தீட்டாமல் வைத்தால் துரு ஏறுவது போல. தினம் ஒரு சொல் எடுத்துப் பிரித்து விளையாடினால் துரு ஏறாது.

தேடும் வழி

சொற்களைக் குருட்டாம்போக்கில் தேட வேண்டாம். வழி இருக்கிறது.

புள்ளி வைத்த எழுத்து தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. ஆகவே ம், ந், த் போன்ற துண்டுகளை நடுவிலோ கடைசியிலோ வையுங்கள்.

ட, ண, ள, ழ, ற, ன ஆகிய வரிசைகளும் தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதில்லை. ர, ல வரிசைகளும் அப்படித்தான். ரகம், ரதம் என்று எழுதினோமே என்று கேட்பீர்கள். அவை வேறு மொழிகளிலிருந்து வந்த சொற்கள். அதனால்தான் பழைய நூல்களில் இரகம், இரதம் என்று இ சேர்த்து எழுதினார்கள்.

ம் துண்டு கையில் இருந்தால் அதைக் கடைசியில் வைத்துப் பாருங்கள். தமிழில் ம் என்று முடியும் சொற்கள் ஏராளம். தலைநகரத்தில் கிடைத்த பத்தில் எட்டுச் சொற்கள் ம் என்றுதான் முடிந்தன.

நம் ஊர்ப் பெயர்கள்

இனி நம் ஊர்ப் பெயர்களைப் பிரிப்போம்.

செகந்திராபாத். 1806-இல் ஆங்கிலேயரின் பட்டாளம் தங்கிய இடத்துக்கு வைத்த பெயர். அப்போதைய நிஜாம் சிக்கந்தர் ஜா. அவர் பெயரால் ஊர் அமைந்தது. பட்டாளத்தோடும் ரயில் வேலையோடும் பல தமிழ்க் குடும்பங்கள் இங்கே வந்து சேர்ந்தன. இந்தப் பெயரில் ஏழு எழுத்துகள்.

செ - க - ந் - தி - ரா - பா - த்

இதிலிருந்து பாதி வரும். கதி வரும். கத்தி வரும். பாத்தியும் வரும். ரயில் நிலையப் பலகைக்குள்ளே கத்தியும் இருக்கிறது, கீரைப் பாத்தியும் இருக்கிறது.

கோல்கொண்டா. இங்கே பழைய கோட்டை இருக்கிறது. தெலுங்கில் கொல்ல என்றால் இடையர். கொண்ட என்றால் மலை. இடையர் மலை என்பதே பெயரின் பொருள் என்பார்கள். தமிழ் எழுத்தில் எழுதிவிட்டு நடுவில் ஒரு கோடு போடுங்கள். கோல் / கொண்டா என்று வருகிறது. இடையரின் மலையில் யாரோ "கோல் கொண்டா" என்று கூப்பிடுவது போல இல்லையா? இது தற்செயல்தான். ஆனாலும் பொருத்தமாக இருக்கிறது. இதே துண்டுகளில் கோ என்ற சொல்லும் உண்டு. கோ என்றால் அரசன். கொல் என்ற சொல்லும் உண்டு.

சார்மினார். முகம்மது குலி குதுப் ஷா 1591-இல் கட்டியது. சார் என்றால் நான்கு. மினார் என்றால் தூபி. நான்கு தூபி உள்ள கட்டடம். இதில் நார் என்ற சொல் வருமா? ஒலியில் வருவது போல இருக்கும். எழுத்தில் வராது. பூக்கட்டும் நாருக்கு ந வரிசையில் உள்ள நா வேண்டும். சார்மினாரில் இருப்பது னா. காது ஏமாறும். கண் ஏமாறக் கூடாது.

முன்னோர் ஆடிய விளையாட்டு

இது புதிய விளையாட்டு அல்ல. தமிழ்ப் புலவர்கள் பல நூற்றாண்டுகளாக ஆடியது. தண்டியலங்காரம் என்ற பழைய நூல் இதில் பல வகைகளைச் சொல்கிறது.

ஒன்றின் பெயர் அக்கரச் சுதகம். அக்கரம் என்றால் எழுத்து. ஒரு சொல்லில் எழுத்தை ஒவ்வொன்றாக நீக்கிக் கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிய சொல் வர வேண்டும். தகரத்தில் த நீக்கினால் கரம். தலைநகரத்தில் தலையை நீக்கினால் நகரம். நகரத்தில் ந நீக்கினாலும் கரம்.

இன்னொன்றின் பெயர் மாத்திரைச் சுருக்கம். நெடில் எழுத்தைக் குறில் ஆக்கினால் வேறு சொல் வர வேண்டும். காலை என்பது கலை ஆகும். பாடம் என்பது படம் ஆகும்.

மாலைமாற்று என்று ஒன்று உண்டு. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருக்கும். திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் இப்படிப் பாடியிருக்கிறார். தெனாலிராமனை விகடகவி என்கிறோம். வி - க - ட - க - வி. திருப்பிப் படியுங்கள். அதே சொல்தான். தெலுங்கில் எழுதினாலும் அப்படியே வரும்.

எழுத்திலிருந்து வாழ்க்கைக்கு

பிரேசில் நாட்டில் பாவ்லோ பிரெயிரே என்ற ஆசிரியர் இருந்தார். 1963-இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு எழுத்தறிவு தந்தார். அவரது முறையும் சொல்லைப் பிரிப்பதுதான். திஜோலோ என்று ஒரு சொல். அவர்கள் மொழியில் செங்கல் என்று பொருள். அதை தி - ஜோ - லோ என்று பிரிப்பார்கள். ஒவ்வொன்றின் வரிசையையும் எழுதுவார்கள். கற்பவர்களே புதிய சொற்கள் செய்ய வேண்டும். லோஜா என்ற சொல் வரும். கடை என்று பொருள். லூத்தா என்ற சொல்லும் வரும். போராட்டம் என்று பொருள்.

அப்போது அந்த நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஓட்டு இல்லை. அதனால் எழுத்துக் கற்பது பெரிய காரியம் ஆனது. 1964-இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பிரெயிரேயைச் சிறையில் போட்டது. செங்கலைப் பிரித்துப் படிக்கச் சொன்னவரைக் கண்டு அரசு பயந்தது.

நம் பக்கத்திலும் நடந்தது. ஆந்திராவில் நெல்லூர் மாவட்டம், தூபகுண்டா கிராமம். அங்கே பெண்கள் அறிவொளி வகுப்பில் சேர்ந்தார்கள். சாராயத்தால் குடும்பங்கள் படும் பாட்டைப் பற்றிப் பாடத்தில் படித்தார்கள். படித்ததைப் பற்றிப் பேசினார்கள். 1992-இல் சாராயக் கடைகளை எதிர்த்து எழுந்தார்கள். போராட்டம் மாநிலம் முழுதும் பரவியது. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திராவில் சாராயம் தடை செய்யப்பட்டது.

சாராயம் என்ற சொல்லையும் பிரித்துப் பாருங்கள். சா - ரா - ய - ம். நடுவில் உள்ள ரா எழுத்தை எடுத்துவிட்டால் சாயம். அந்தப் பெண்கள் சாராயத்தின் சாயத்தை வெளுக்க வைத்தார்கள்.

செய்து பாருங்கள்

கீழே மூன்று சொற்கள் உள்ளன. துண்டுத் தாளில் எழுதுங்கள். மூன்று விதிகளையும் மறக்க வேண்டாம். தனியாகச் செய்யலாம். வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்தும் செய்யலாம். அவர்களை நீங்கள் முந்துகிறீர்களா என்று பாருங்கள்.

1. விடுகதை (ஆறு சொற்கள்)
2. பலகாரம் (நான்கு சொற்கள்)
3. அரசமரம் (ஐந்து சொற்கள்)

விடைகள்

1. விடு, கதை, விதை, கவி, தை, கவிதை
2. பல, பலம், காரம், காலம்
3. மரம், அரம், ரசம், சரம், சமம்

இதற்கு மேலும் சொற்கள் கிடைத்தால் நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை படிப்பு வட்டம் கூடும்போது கொண்டு வாருங்கள். பிறகு உங்கள் பெயரையும் பிரித்துப் பாருங்கள்.